உல்லேன் ஐயா

சீனியம்மாளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம் வந்துவிடும். பொன்விழா நடந்தது தை மாதத்து மூன்றாவது வெள்ளியா நான்காவது வெள்ளியா, முதல் குரல் வந்தது ஜன்னலோரத்து இடத்திலிருந்தா கதவோரத்து இடத்திலிருந்தா, அன்றைக்குப் பாயசத்தில் முந்திரி போட்டார்களா இல்லையா என்று ஒவ்வொன்றிலும் தடுக்கி நிற்பாள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் குரலைப் பற்றித்தான் தெரிய வேண்டும், அவளோ அரிசியிலிருந்து ஆரம்பிப்பாள், கேட்கிறவர்கள் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கியதும், "அஞ்சாப்பு முடிக்காதவ சொல்றது, முன்னப் பின்ன இருக்கும், நீங்க நேராக்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அரிசியிலிருந்தே ஆரம்பிப்பாள். அரிசி இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் குரலும் இல்லை.

நல்லமுத்தன்பட்டிக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் கிடையாது, மனுப் போட்டுப் போட்டு அலுத்த ஊர் ஒருநாள் கூடி உட்கார்ந்து, எந்த வீட்டில் உலை வைத்தாலும் அளந்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்துப் பள்ளிக்கூடக் கலயம் என்று தனியாக வைத்த கலயத்தில் போடுவது, வெள்ளிக்கிழமைதோறும் கலயங்களை எல்லாம் சாக்கில் கொட்டி விற்று வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது என்று முடிவு செய்தது. அப்படி எழும்பிய அந்த ஓட்டுக் கட்டடம் சர்க்காருக்கும் சொந்தமில்லை, எந்தச் சாமியாருக்கும் சொந்தமில்லை, அதன் பேரே பிடியரிசிப் பள்ளிக்கூடம். சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கலயத்தைக் கவிழ்த்து வாங்கி வந்து கோணி ஊசியால் சாக்கின் வாயைத் தைத்துப் பள்ளி மூலையில் சாத்துவது பத்தொன்பது வருஷமாகச் சீனியம்மாளின் வேலை. எந்த வீட்டுக் கை பெரிய கை, எந்த வீட்டுக் கை மருமகள் வந்ததும் சின்னக் கையாகிப்போனது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்தச் சாக்கைச் சாத்திவிட்டு நிமிரும்போதெல்லாம் அவள் கண்ணில் படுவது ராஜகனி டீச்சர். பெரிய டீச்சர் என்றுதான் ஊர் சொல்லும். தங்க விளிம்புக் கண்ணாடி, தோளில் கைப்பை, கைப்பைக்குள் மூன்று கலரில் பேனா, விரல் நுனியில் சாக்பீஸ் மாவு. சீனியம்மாளின் விரல் நுனியிலோ கோடே கிடையாது, பத்து வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்துத் துளைகளில் குச்சி அடுக்கி அடுக்கி ரேகையெல்லாம் தேய்ந்துபோய், ரேஷன் கடை மெஷினில் எந்த விரலை வைத்தாலும் ஆள் இல்லை என்றே அது சொல்லும், கடைக்காரர், "நீங்க உசுரோடதான் இருக்கீகளா மதினி" என்று மாதாமாதம் கேட்பார். இதே ராஜகனியும் அவளும் ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தவர்கள், வருகைப் பதிவேட்டில் பதினாறும் பதினேழுமாக அடுத்தடுத்து நின்றவர்கள், ஒரே சிலேட்டுக் குச்சியை இரண்டாக ஒடித்து எழுதியவர்கள். சீனியம்மாள் பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொன்ன காலத்தில் ராஜகனி பதிமூன்றைத் தாண்ட முடியாமல் உத்திரத்தைப் பார்த்து நின்றவள், போதாததற்கு அவளுக்கு 'ள' வராது, பள்ளிக்குப் போகிறேன் என்பதற்குப் 'பல்லிக்குப் போறேன்' என்பாள். பல்லிக்குப் போனவள் பெரிய டீச்சராகிவிட்டாள், பதினாறாம் வாய்ப்பாடு சொன்னவள் ஐந்தாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை முடிந்த மறுவாரம், அப்பாவுக்கு இடுப்பு விழுந்து படுக்கையானதால், விடியுமுன் வந்த தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றிவிடப்பட்டாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் சீனியம்மாளுக்கு நெஞ்சுக்குழியில் மிளகாயைக் கிள்ளி வைத்ததுபோல் இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ராஜகனிக்குப் புதுச் சேலை வாய்த்த நாளிலெல்லாம் அதில் சாயம் போகுமா என்று கேட்காமல் இருந்ததுமில்லை.

பொன்விழா வந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேலே ஓடு ஒழுகியது, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை, இரண்டுக்கும் நிதி சேர்க்க வேண்டும் என்று கமிட்டி கூடியபோது ராஜகனி ஒரு யோசனை சொன்னாள். தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து அன்றைய தேதிப் பக்கத்தை மேடையில் வாசிப்போம், பேர் வந்தவர்கள் எழுந்து உள்ளேன் ஐயா என்று சொல்லித் தங்களால் முடிந்ததைக் கொடுக்கட்டும் என்றாள். அப்படியே சாமியானா போட்டு, மைக் செட் கட்டி, ராஜகனி பட்டுச்சேலையில் நின்று, தாங்கள் இருவரும் படித்த வகுப்புகளில் கரையான் அரிக்காமல் மிஞ்சிய ஒரே பதிவேடான அந்த ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டையே முதலில் பிரித்து, எண் ஒன்று, அய்யனார், என்று வாசித்தாள். அய்யனார் குஜராத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஐந்தாம் வகுப்பறைக்குள், யாருமில்லாத ஜன்னலோரத்துத் தரையிலிருந்து, பத்து வயதுக் குரல் ஒன்று, "உள்ளேன் ஐயா" என்றது.

மைக் செட்காரர் எதிரொலியோ என்று ஒரு குமிழைத் திருகிக் குறைத்தார். ராஜகனி எண் இரண்டை வாசிக்க, சுவரோரத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது, எண் மூன்றுக்குக் கொஞ்சம் சளி பிடித்த குரல் வந்தது. பாயசம் கிண்டிக்கொண்டிருந்தவர் அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்து, இவர்களுக்கும் பந்தி உண்டா, உண்டென்றால் வெல்லம் காணாது என்றார். எண் ஒன்பது, தையல்காரர் சுப்புக்காளை, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், பேரைக் கேட்டதும் பழக்க தோஷத்தில் தானே எழுந்து உள்ளேன் ஐயா என்றுவிட, வகுப்பறைக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. ஆள் தன் வாயால் சொல்லிவிட்டால் குரல் வராது என்று ஊர் அப்போது தெரிந்துகொண்டது, சுப்புக்காளை மட்டும், கொஞ்சம் ஊமையாக இருந்திருக்கக் கூடாதா என்று சாயங்காலம் வரை வாயில் அடித்துக்கொண்டிருந்தார். எண் பன்னிரண்டு, குணசீலன், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, கமிட்டித் தலைவர், பெரிய மாலையோடு காது கொடுத்துக் காத்திருந்தார், மூன்று தடவை வாசித்தும் ஒன்றும் வரவில்லை. அவர் பேருக்கு நேரே வராதவர்களுக்குப் போடும் பெருக்கல் குறி இருந்தது, முன்னும் பின்னும் புரட்டினாலும் பெருக்கல் குறியாகவே இருந்தது. எண் பதினாறு என்று தன் பேரைத் தானே வாசித்துவிட்டு ராஜகனி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள், கதவோரத்திலிருந்து, "உல்லேன் ஐயா" என்று வந்தது. ஊரே சிரித்தது, ராஜகனியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தது பதினேழு. சீனியம்மாள் சாக்கைப் பிடித்தபடி மூச்சை நிறுத்தி நின்றாள். ராஜகனி பதிவேட்டில் ஒரு நொடி விரலை வைத்திருந்துவிட்டு, "எண் பதினெட்டு" என்றாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பதிவேடு வாசிப்பது வழக்கமாகிப்போனது. பேருக்கு ஒரு படி அரிசி என்று கமிட்டி எழுதி ஒட்டியது. திருப்பூரிலிருந்தும் சூரத்திலிருந்தும் வேன் பிடித்து வந்து தங்கள் பத்து வயதைக் கேட்டுவிட்டுப் போனார்கள், கல்யாணம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சின்ன வயதுக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் தட்டு மாற்றுவோம் என்று பெண் வீட்டார் நின்றார்கள், திக்கிக்கொண்டு வந்த குரல் எங்கள் அப்பாவுடையது இல்லை என்று ஒரு குடும்பம் எழுந்து போனது, இன்னாருடைய குரல் கணீரென்று இருக்கிறதே, எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கீச்சென்று என்று அண்ணன் தம்பிகள் முகம் திருப்பிக்கொண்டார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகள் பழைய பிள்ளைகள்மேல் உட்கார்ந்துவிடாமல் இரண்டு விரற்கடை தள்ளி உட்காரப் பழகினார்கள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போன மகனுக்காக மூக்கம்மாக் கிழவி வாரம் தவறாமல் ஒரு படியோடு வருவாள், மகன் உள்ளேன் ஐயா என்றதும், "சரிய்யா, உக்காரு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். சாக்குகள் நிறைந்தன, கழிப்பறைக்கு அஸ்திவார வானம் தோண்டினார்கள். குணசீலன் முதலாளி மட்டும் தனியாக வந்து, கூரை முழுக்க நானே போடுகிறேன், அந்தப் பெருக்கல் குறிகளை மட்டும் ஒரு மை வைத்துச் சரி செய்துவிடுங்கள் டீச்சர் என்று கேட்டார். வராதவரை வந்தவராக்க முடியாது என்று ராஜகனி சொல்லிவிட்டாள். அவர் போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

எல்லா வெள்ளியும் பதினாறுக்குப் பிறகு பதினெட்டே வந்தது. தன் பேரைச் சிவப்பு மையில் கோடு போட்டு அடித்திருப்பார்கள் என்பது சீனியம்மாளுக்குத் தெரியும். பாதியில் நின்றவர்களை அப்படித்தான் அடிப்பார்கள். ஆனால் புரட்டாசிக்கு முன்னால் தான் பள்ளிக்குப் போன நாட்கள் இருக்கின்றனவே, அந்தப் பக்கத்தைப் பிரித்துத் தன்னை ஒரு தடவை கூப்பிட்டால் ராஜகனிக்கு என்ன குறைந்துவிடும், சூரத்துக்காரனுக்கெல்லாம் கொடுத்ததைச் சாக்குத் தூக்குகிறவளுக்குக் கொடுக்கக் கூடாதா, பதினாறாம் வாய்ப்பாடு சொன்ன குரல் பக்கத்தில் வந்தால் அவளுடைய 'உல்லேன்' எடுபடாது என்று பயப்படுகிறாளோ என்று நினைத்து நினைத்து, சீனியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் பார்க்க, தன் வீட்டுக் கலயத்திலிருந்து ஒரு படி அரிசியை அளந்து கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"என் பேரக் கூப்பிடுங்க டீச்சர்."

"வேண்டாம் சீனி" என்றாள் ராஜகனி, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

"மத்தவுகளுக்கு ஒரு படி, எனக்கு மட்டும் ரெண்டு படியா?"

ராஜகனி அவளையே பார்த்தாள். பிறகு, வேண்டுதல் சொல்வதுபோல் மெல்ல, எண் பதினேழு, சீனியம்மாள், என்று, அவள் பள்ளியை விட்டு மாதங்கள் ஆன அந்த மாசித் தேதிப் பக்கத்திலேயே வாசித்தாள். அடிக்கப்படாத பேர் அது, அதற்கு நேரே வந்ததற்கான கோடு இருந்தது. கதவோரத்திலிருந்து, பதினாறுக்குப் பதில் வந்த அதே இடத்திலிருந்து, "உல்லேன் ஐயா" என்று குரல் வந்தது.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். அது ராஜகனியின் குரல் என்று ஊருக்கு ஒரு மாதமாகத் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு, ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே, சீனியம்மாள் நாற்பது வருஷமாக வாயில் வராத பேரைச் சொல்லிக் கேட்டாள். "ஏட்டி ராசு, என்ன செஞ்சு வச்சிருக்க?"

சீனி தீபாவளி கழிந்தால் வந்துவிடுவாள் என்று நினைத்ததாகவும், பேரை அடித்துவிட்டால் அந்த இடத்தில் வேறு பிள்ளையை உட்கார வைத்துவிடுவார்களே என்று தன் பேருக்கும் அவள் பேருக்குமாகத் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு தடவை உள்ளேன் ஐயா சொன்னதாகவும், வாத்தியார் ஐயாவுக்குக் கண் மங்கல் என்றும், பிறகு பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்ததாகவும், பிறகு அது பழகிப்போய்விட்டதாகவும் ராஜகனி சொன்னாள். முழுப்பரீட்சை அன்றைக்குக்கூடச் சொன்னாளாம். உனக்காகத்தான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சீனியம்மாளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப என் வாயையும் நீயே வச்சுக்கிட்ட" என்றாள் சீனியம்மாள்.

சிவப்புக் கோடு என்றால்கூட அது தன்னுடையதாக இருந்திருக்கும். கண்ணாடியும் கைப்பையும் மூன்று கலர்ப் பேனாவும் போதாமல், தான் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த நாட்களில் இந்த வகுப்பில் தன் பேருக்கு உட்கார்ந்திருந்ததும் இவளேதான் என்பதைச் சீனியம்மாளால் எந்தப் பக்கம் திருப்பிப் படுத்தும் செரிக்க முடியவில்லை.

குணசீலன் முதலாளிக்கு அது கரும்பாக இனித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டியைக் கூட்டினார். வராதவளை வந்தாள் என்று சொன்ன வாய்தான் இன்றைக்கு எனக்கு நியாயம் சொன்னது, இப்படிப்பட்டவர் பெரிய டீச்சராக இருந்தால் பொய்ப் பள்ளிக்கூடம் என்று ஊர் உலகம் சொல்லாதா, பேர் கெட்டால் நிதி வருமா, என் அக்கா மகள் பி.எட். முடித்து வீட்டில்தான் இருக்கிறாள் என்று வரிசையாகச் சொன்னார். கமிட்டியில் பாதிப் பேருக்கு அவர் ஆபீஸில் வேலை. சீனியம்மாளை அவரே கையைக் காட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் சீனியம்மா. சும்மா இருந்தாப் போதும். நான் பேரக் கூப்பிடுதேன், கொரல் தானா வந்து சாட்சி சொல்லிரும்."

சும்மா இருந்தால் போதும். நாற்பது வருஷத்து மிளகாய்க்கு அவ்வளவுதான் விலை. முதலாளி பதிவேட்டை வாங்கி, காலாண்டுக்கு மறுவாரத்துப் பக்கத்தைப் பிரித்து, எண் பதினேழு, சீனியம்மாள், என்றார். சீனியம்மாள் ராஜகனியைப் பார்த்தாள். ராஜகனி சுவரோரமாக நின்று தலையைக் குனிந்திருந்தாள், பத்து வயதில் இரண்டாம் தடவை சொல்வதற்காக எப்படிக் குனிந்திருப்பாளோ அப்படியே குனிந்திருந்தாள், நரைத்த வகிட்டுக்கு நேர் கீழே அந்த உதடு குவிவது தெரிவதுபோல் இருந்தது. கதவோரத்தில் 'உ' என்று ஒரு மூச்சு கிளம்பியதும் சீனியம்மாளுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. பரிதாபம் என்று அதைச் சொன்னால் தப்பாகச் சொன்னதாகிவிடும். இன்னொரு தடவை இவள் என் பேருக்குப் பதில் சொல்வதா என்றுதான் இருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"உள்ளேன் ஐயா."

கிளம்பிய மூச்சு கதவோரத்தில் அப்படியே அடங்கியது. அவளை யார் சொல்லச் சொன்னது என்று முதலாளி கேட்டார். "என் பேரத்தான கூப்பிட்டீக" என்றாள். அவர் அடுத்த நாளைப் பிரித்துக் கூப்பிட்டார், உள்ளேன் ஐயா என்றாள். தீபாவளிக்கு முந்தின நாளைக் கூப்பிட்டார், உள்ளேன் ஐயா என்றாள்.

"இந்தத் தேதியில எல்லாம் நீ எங்க இருந்தன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல. தீப்பெட்டி ஆபீஸ்ல உங்க அப்பா மேசையில ஏறி உக்காந்து கலரு சோடா குடிச்சுக்கிட்டு நீங்களும் அங்கனதான இருந்தீக மொதலாளி. எத்தன புள்ளைக எந்த வரிசையில இருந்தோம்னு சொல்லட்டுமா?"

முதலாளி அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நிறுத்தினால் தோற்றதாகிவிடும் என்று அவரும், ஒரு நாளை விட்டாலும் அந்த நாளில் ராஜகனி வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று அவளும், கார்த்திகை மழை நாட்களையும் அரையாண்டுப் பரீட்சை நாட்களையும் பொங்கல் கழிந்த திங்கட்கிழமையையும் ஐயாவுக்கு உடம்பு சரியில்லாமல் பாதியில் விட்ட புதன்கிழமையையும் ஒவ்வொன்றாகக் கடந்து போனார்கள். அவர் கூப்பிடக் கூப்பிட அவள் எழுந்த நிலையில் உள்ளேன் ஐயா உள்ளேன் ஐயா என்று சொல்லிக்கொண்டே போனாள், முப்பதாவது நாளில் தொண்டை கட்டியது, அறுபதாவது நாளில் மூக்கம்மாக் கிழவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், எண்பதாவது நாளில் தீப்பெட்டி மருந்து வாடை போய்ச் சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த வாடை வந்தது. முழுப்பரீட்சை கடைசி நாள் நூற்றுப் பதினெட்டாவது நாள். அதற்கும் அவள் உள்ளேன் ஐயா என்றாள். முதலாளி பதிவேட்டை மூடினார், அவருக்கும் குரல் போய்விட்டது.

மூக்கம்மாக் கிழவி செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள். "புள்ள லேட்டா வந்திருக்கா. அம்புட்டுத்தான. உக்காரச் சொல்லுங்க."

கமிட்டி அதையே முடிவாக எழுதிக்கொண்டு கலைந்தது. ராஜகனி பெரிய டீச்சராகவே இருந்தாள். அந்த நூற்றுப் பதினெட்டு நாட்களில் எதை எடுத்துக் கூப்பிட்டாலும் இப்போது பதினேழுக்கு வருவது கரகரத்த ஐம்பத்தொரு வயதுக் குரல்தான், பிள்ளைக் குரல்களுக்கு நடுவே அது ஒன்று மட்டும் பெரியமனுஷியாக ஒலிப்பதைக் கேட்கவே தனியாக ஒரு படி கொடுக்கிறவர்கள் உண்டு. பங்குனிக்குள் ஓடு மாற்றிவிட்டார்கள்.

கூரை போட்ட வாரம், பிள்ளைகள் போன பிறகு, ராஜகனி பதிவேட்டோடு வந்து சாக்கு மூலையில் உட்கார்ந்தாள். "வாய மூடிக்கிட்டு இரு சீனி" என்று சொல்லி, ஆனி மாதத்துப் பக்கத்தைப் பிரித்து, எண் பதினேழு என்றாள். சீனியம்மாள் உதட்டைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உள்ளேன் ஐயா!"

'ள' சுத்தமாக, கணீரென்று, பித்தளைக் குடத்தில் கல் விழுந்ததுபோல் வந்தது. பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை, பஸ் வரப்போவது தெரியாத பிள்ளை, அடுத்து தன்னைத்தான் எழுப்பிக் கணக்குக் கேட்பார்கள் என்று முந்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை. ராஜகனி அழுதுகொண்டிருந்தாள். சீனியம்மாளுக்குக் கண்ணீர் வரவில்லை, மிளகாய்தான் எரிந்தது, இத்தனை வருஷம் ராஜகனிமேல் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல் அந்தப் பிள்ளைமேல் எரிந்தது. ராஜகனியிடம் என்ன இருந்தாலும் சாயம் போகுமா என்று கேட்டுவிடலாம். இவளிடம் என்ன கேட்க முடியும்? இன்னொரு தடவை கேட்டால் தாங்காது என்று தோன்றியது, இன்னொரு தடவை கேட்காமல் வீட்டுக்குப் போக முடியாது என்றும் தோன்றியது. வாரம் ஒரு படி, மூக்கம்மாக் கிழவியைப்போல, சாகிற வரைக்கும் இவளிடம் வந்து நிற்கும் நாட்கள் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தன.

அதனால்தான் அப்படிச் செய்தாள். கேட்க வருகிறவர்களிடம் இந்த இடத்தைத்தான் அவள் பாதிக்குப் பாதி முழுங்கிவிடுவது. ராஜகனி முகம் கழுவப் போன நேரத்தில், சாக்குத் தைக்கிற கோணி ஊசியில் சணலைக் கோத்து, ஆனியிலிருந்து காலாண்டு வரைக்கும் அந்தப் பிள்ளை இருக்கிற பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை நெருக்க நெருக்கத் தைத்து, அவிழ்க்க முடியாத மூன்று முடிச்சுப் போட்டுவிட்டாள். மற்ற பிள்ளைகளுக்கு மற்ற மாதங்கள் இருக்கின்றன. ராஜகனி திரும்பி வந்து, தையலை விரலால் தடவிப் பார்த்து, பதிவேட்டைப் பெட்டியில் வைத்தாள்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமையானால், அரிசிச் சாக்கின் வாயைத் தைத்து முடித்த அதே ஊசியோடு தகரப் பெட்டியைத் திறந்து, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் ஒரு தையல் போட்டுவிட்டுத்தான் சீனியம்மாள் வீட்டுக்குப் போகிறாள்.